சுண்டுவிரல்

படிவத்தில் ஒரு கேள்வி:
பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டா?
உண்டு என்று எழுதினேன். மூன்று வருடமும்.
பொய்யில்லை.
வெள்ளை ஓடு பதித்து,
கதவில் இரட்டைச் சடைக்காரி ஒருத்தியை வரைந்து,
வாழைமரம் கட்டித் திறந்துவைத்ததுதான்.
குழாய் உண்டா?
அதுவும் உண்டு.
குழாயில் என்ன வருகிறது என்று
படிவம் கேட்கவில்லை.
எறும்பு வந்தது.

எர்ரகுட்டப்பள்ளி ஒன்றியத் தொடக்கப்பள்ளி.
முப்பத்தொரு பிள்ளைகள், பதினான்கு பெண்கள்.
வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ்,
ஆடுகளிடம் இரண்டும்.

மூன்றாம் வகுப்பு முனிரத்தினா
காலையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரமாட்டாள்.
மதியச் சாம்பார் சோற்றைத்
தொண்டை புடைக்க விழுங்குவாள்.
விக்கினால் மூச்சைப் பிடிப்பாள்.
டம்ளரை நீட்டினால்
"நீள்ளு ஒத்து டீச்சர்."
எதற்கு வேண்டாம் என்கிறாள் என்று
எனக்குத் தெரியும்.
நானும் அப்படித்தான்,
வேப்பனப்பள்ளியில் பஸ் ஏறினால்
திரும்பிப் போய் இறங்கும்வரை.

சித்திரை வெயிலில் அவளுக்குக் காய்ச்சல். நீர்க்கடுப்பு.
ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்:
"பள்ளிக்கூடத்துல தண்ணி குடுக்க மாட்டீங்களா?"
மருந்துச் சீட்டை நான்காக மடித்தேன்.
எட்டாக மடித்தேன்.
அதற்குமேல் அது மடியவில்லை.

எங்கள் போர்
எழுநூறு அடியில் புழுதி கக்கி நின்றுபோனது.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
முனிவெங்கடப்பாவின் மாந்தோப்பில்
மோட்டார் பகலெல்லாம் பேசும்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆந்திரா.

"வெளிமாநிலத் தண்ணீரை
எந்தக் கட்டத்தில் எழுதுவீங்க?" என்றார் அதிகாரி.
கிணறு, ஆழ்துளை, கூட்டுக்குடிநீர், லாரி.
கடைசியில் 'மற்றவை' என்று
ஒரு கட்டம் காலியாக இருந்தது.
"மற்றவைன்னா?"
"மற்றவைதான் சார்."

முனிவெங்கடப்பா வள்ளல் இல்லை.
பெங்களூரா சீசனில்
காய்க்கூடைகள் அடுக்க மைதானம் வேண்டும்,
டிராக்டர் நிறுத்தப் புளியமர நிழல் வேண்டும் என்றார்.
நிழலை மட்டும் பேரம் பேசினேன்.
மதியம் அங்கேதான் நான்காம் வகுப்பு.
பாதி நிழலுக்கு ஒத்துக்கொண்டார்.

ரோட்டை வெட்ட
இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்து வேண்டும்.
ரோட்டுக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்தில் தவழ
ஒருவருடையதும் வேண்டாம்.
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
பிளம்பர் ஜபருல்லா
பாம்புச்சட்டைகளைத் தள்ளிக்கொண்டு
இந்த மாநிலத்தில் நுழைந்து
அந்த மாநிலத்தில் தலை நீட்டினார்.
வீட்டுக்கு நூறு ரூபாய்.
இல்லாதவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.
முனிரத்தினாவின் அப்பா நூறும் கொடுத்துக்
கடப்பாரையும் கொண்டுவந்தார்.
யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

குழாய் முதலில் இருமியது.
பிறகு செம்மண்.
பிறகு ஒரு மாவிலை, அரைகுறையாய் மக்கி.
பிறகு தண்ணீர்.
கை தட்டினோம்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
வாளி நிறைந்து கிடந்தது.
பக்கத்தில் புது மக், கயிற்றில் கட்டி.
இரட்டைச் சடைக்காரி கதவிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.
அடக்கிப் பழகிய உடம்புக்கு
யார் போய்த் தகவல் சொல்வது?
அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.
கடைசியில் நானே போனேன்.
பிள்ளைகள் பார்க்க,
தண்ணீர் ஊற்றும் சத்தம் வெளியே கேட்க.

வியாழக்கிழமை.
ஏழாம் வாய்ப்பாடு.
ஏழஞ்சு முப்பத்தஞ்சில்
கடைசி வரிசையிலிருந்து
ஒரு சுண்டுவிரல் எழுந்தது.
பாதிதான். காதுவரை.
"போய்ட்டு வா."
ஏழாறு நாற்பத்திரண்டில்
இன்னொன்று.
அப்புறம் மூன்று சேர்ந்து.
போனவள் திரும்பி வந்து
பானையில் ஒரு டம்ளர் மொண்டு
நின்றபடியே குடித்து,
இன்னொன்றும் மொண்டாள்.

பையன்கள் பக்கம் இன்னும் தாழ்ப்பாள் இல்லை.
அதற்கு வேறொரு படிவம் போட்டிருக்கிறேன்.
ஆய்வுக்கு வந்தவர்
மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டில் பின்தங்கியிருப்பதாகக்
குறிப்பு எழுதிவிட்டுப் போனார்.
சரிதான்.
ஏழேழைத் தாண்டவே விடமாட்டேன் என்கிறார்கள்.