ஐந்து சதவீதக் கறுப்பு

பூந்தா அரேனாஸ் பதிவு அலுவலகத்தில்
டோனர் அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது.
பதவியுயர்வு என்று யாரும் சொல்லவில்லை.
"நெலிதா, இனி இது உன் தலைவலி" என்று
ஹுவெனால் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்.

டோனர் மை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
மாவு. பவுடரைவிட நைஸான பிளாஸ்டிக் மாவு.
உருளையின்மேல் மின்சாரம் ஓர் எழுத்தை நினைக்கும்,
மாவு அந்த நினைப்பில் போய் ஒட்டும்,
பிறகு சூடு வந்து தாளோடு உருக்கிவிடும்.
அதனால்தான் பிறப்புச் சான்றிதழ் சுடச்சுட வருகிறது.
இறப்புச் சான்றிதழும் அதே சூடுதான்.

சட்டையில் கொட்டினால் பச்சைத் தண்ணீர்.
வெந்நீர் ஊற்றினால் கறை
உங்களோடு சேர்ந்துதான் ஓய்வுபெறும்.

'டோனர் குறைவு' என்று விளக்கு எரிந்தால்
பதறிப் புதுப்பெட்டியைக் கிழிக்காதீர்கள்.
பாதி மிரட்டல் அது.
வெளியே எடுத்து, தொட்டிலாட்டும் வேகத்தில்
இடமும் வலமும் ஐந்தாறு தடவை.
இன்னும் எண்பது பக்கம் பிழைக்கும்.
நீரிணையைக் காற்று மூடி, படகு வராத ஜூலையில்
அந்த எண்பதுக்குள்தான்
மூன்று கல்யாணங்களை நடத்தி வைத்தோம்.

பெட்டி சொல்வது: இரண்டாயிரத்து அறுநூறு பக்கம்.
அடியில் எறும்பெழுத்தில்:
பக்கத்தில் ஐந்து சதவீதமே கறுப்பு என்றால்.

ஆகஸ்டில் கணக்கு உதைத்தது.
மீட்டரில் ஆயிரத்து நூற்று நாற்பது;
உள்ளே மாவு சுத்தமாக இல்லை.
காவலாளி எவாரிஸ்தோவைச் சந்தேகித்தேன்,
இரவில் நண்டு சமையல் குறிப்பெல்லாம் எடுப்பான்.
ஆனால் எழுத்து எவ்வளவு தின்னும்?
மிளகு தூவிய மாதிரிதானே ஒரு பக்கம்.
இது வேறு வாய்.
கொஞ்சமாக அச்சிட்டு நிறையத் தின்கிற வாய்.

வியாழக்கிழமை தாள் சிக்கியது.
பின்கதவைத் திறந்து,
அது போகிற திசையிலேயே மெல்ல இழுத்தேன்.
ஓர் இரவு வந்தது.

தாள் முழுக்கக் கறுப்பு. நடுவே விசிறிபோல் ஒரு சாம்பல்.
அதற்குள் ஒரு தலை, மடங்கிய கால்.
மேலே சின்ன எழுத்தில் பதினாறு வாரம் என்றும்
யாஸ்னா என்றும்.

கவுன்டரில் யாஸ்னா
பெரிய சால்வைக்குள் உட்கார்ந்து
யாரோ ஒரு கிழவரின் குடும்பப் பெயரை
எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
அவள் ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்று வரை.
யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்.

இந்த இயந்திரத்துக்கு வெள்ளை அடிக்கத் தெரியாது.
சுற்றியிருப்பதையெல்லாம் கறுப்பாக்கும்,
விட்டுவைத்த இடம் முகமாகும்.
அந்தக் குதிகால், அவ்வளவு சின்னக் குதிகால்,
வெறும் தாள்.

சூட்டுக்கு முன்பே சிக்கியதால்
மாவு இன்னும் உருகவில்லை.
தொட்டால் போய்விடும். மடிக்க முடியாது,
பைக்குள் வைக்க முடியாது, தும்மக்கூட முடியாது.
இரண்டு உள்ளங்கையில் ஏந்தி
சமையலறை வரைக்கும் நடந்தேன்,
வழியில் ஹுவெனால் எதையோ கேட்டார்,
எதற்கோ ஆமாம் என்றேன்.

கணப்படுப்பின் தகட்டின்மேல் வைத்துக் காத்திருந்தேன்.
ஓரம் லேசாகப் பழுத்தது.
கறுப்பு ஒரு நொடி மினுங்கியது, பிடித்துக்கொண்டது.

அவள் இழுப்பறையில், முத்திரைக் கட்டைக்கு அடியில் வைத்தேன்.
நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
குளிர் என்று எழுதினேன்.
பிப்ரவரியில் இந்த இயந்திரம்
ஒரு பெயரை அச்சடிக்க வேண்டியிருக்கும்.
அதற்கு ஐந்து சதவீதம்கூட ஆகாது.

"எப்போதும் ஒன்றுதானே வாங்குவோம்,
இதென்ன இரண்டு பெட்டி?" என்றார் ஹுவெனால்,
பேனாவைத் திறக்காமலே.

"காற்று வரப்போகிறது" என்றேன்.
இந்த ஊரில் அதை யாரும் மறுக்க முடியாது.