எழுபத்தொன்றில் முடியும் எண்

மூன்று முறை தப்பாய்ப் போட்டதும்
திரை கேட்டது:
இது உண்மையிலேயே நீங்கள்தானா?

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
அப்சல் ஜெராக்ஸ் கடை.
கரண்ட் வந்து கால்மணி நேரம்.
நான் உட்கார்ந்த நாற்காலிக்கு
நாலாவது கால் ஒரு செங்கல்.

ஓசூர் கம்பெனியில் இரண்டு வருஷம்
கம்ப்ரசர் மூடிக்குத் திருகு முடுக்கிய
பி.எஃப். பணம், முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்,
அந்த மெயிலுக்குப் பின்னால் கிடக்கிறது.
தொள்ளாயிரம் அடி போர் போட்டு
புழுதி மட்டும் வந்த கடன்
வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

பையன் பேர் போட்டுப் பார்த்தேன்.
அப்போது அவன் பிறக்கவே இல்லை என்பது
போட்ட பிறகுதான் உறைத்தது.
டோக்கன் நம்பர் போட்டேன்.
குலசாமி பேர் போட்டு, பின்னால் ஒரு நட்சத்திரம்.
"முதல் எழுத்து பெருசாக்கா, சின்னதாக்கா?"
இருபத்தோரு வயசில் எனக்கு
எல்லா எழுத்துமே பெருசு, அப்சல்.

எழுபத்தொன்றில் முடியும் எண்ணுக்கு
ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறார்களாம்.
அந்த சிம்மைப் பல்லால் கடித்து இரண்டாக்கி
சூளகிரி தாண்டும்போது
பஸ் ஜன்னல் வழியே எறிந்து
ஏழு வருஷம்.

என் நம்பரை நானே கூப்பிட்டேன்.
மணி அடித்தது.

ராயக்கோட்டை தக்காளி மண்டி இரைச்சலுக்குள்ளிருந்து
திம்மராயப்பன் என்று ஒருத்தர்.
"இது என் நம்பருங்கண்ணா" என்றேன்.
"அஞ்சு வருஷமா நாந்தானேம்மா ரீசார்ஜ் பண்றேன்?"

எல்லாம் சொன்னேன். போர் கடன் வரைக்கும்.
"வந்திருக்குது ஆறு நம்பரு. ஆனா
யாருக்கும் சொல்லாதேன்னு அதுலயே போட்டிருக்குதே.
நீ யாருன்னு எனக்கென்ன தெரியும்?"

நியாயம்தான்.

கொஞ்ச நேரம் பெட்டி அடுக்கும் சத்தம்.
பிறகு அவரே:
"இந்த நம்பர் வாங்குன நாள்லேர்ந்து
மாசம் ஒருவாட்டி ஒரு போன் வரும்.
முனி இருக்காளான்னு கேக்கும்.
ராங் நம்பர், ராங் நம்பர்னு சொல்லிச் சொல்லி
இப்பல்லாம் சாப்ட்டியாம்மான்னு கேட்டுட்டு வெச்சிடறேன்.
நீதான் முனின்னா
அது யாருன்னு சொல்லு பாக்கலாம்."

அண்ணன் பேர் சொன்னேன்.
"பொம்பளைக் குரலும்மா."
அத்தை மகள் தேன்மொழி என்றேன்.
"ம்ஹும். மூணாவதும் தப்புன்னா வெச்சிருவேன்."
விளையாட்டுக்குத்தான் சொன்னார்.
எனக்குக் கை வேர்த்தது.

தெரியாமலா இருக்கும்.
ஹாஸ்டலில் மேல்கட்டில் எனக்கு, கீழ்க்கட்டில் அவளுக்கு.
நைட் ஷிப்ட் முடிந்தால் ஒரே டிபன் பாக்ஸ்.
அவள் கம்மலை அடகு வைத்து
நான் வாங்கிக்கொண்ட பணம்.
மீட்காமலே பஸ் ஏறியது.
கடவுச்சொல் தானாக மறந்தது.
இந்தப் பேரை
நான் வேலை மெனக்கெட்டு மறந்தேன்.

"ரெஜினா."

அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம் ஆறு எண்ணையும்
ஏலம் கூவுகிற குரலில்
ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நேரம் முடிந்துவிட்டது என்றது திரை.
"இன்னொண்ணு அனுப்பச் சொல்லு.
நான் எங்க போறேன்."

இரண்டாம் தடவை திறந்தது.
படிக்காத மெயில் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
வேலை காலி. வேலை காலி.
பத்து லட்சம் பரிசு, உடனே தொடர்புகொள்ளவும்.
புதுக் கடவுச்சொல் எட்டு எழுத்தாவது வேண்டுமாம்.
"இந்தவாட்டி நோட்ல எழுதிக்கோங்கக்கா" என்றான் அப்சல்,
ஒரு பேப்பரைக் கிழித்து நீட்டி.

போனை இன்னும் வைக்கவில்லை திம்மராயப்பன்.
"அந்தப் பொண்ணு இனிமே கூப்ட்டா
என்னம்மா சொல்லட்டும்?"

அவள் நம்பரைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
என் நம்பரைச் சொன்னேன்.
பாதியில் யாரோ பெட்டி என்ன விலை என்று கத்தினார்கள்.
கடைசி நாலு இலக்கத்தை
நிறுத்தி நிறுத்தி இன்னொருமுறை சொன்னேன்.
எழுதிக்கொண்டாரா, தெரியவில்லை.

"இருபது ரூபா ஆச்சுக்கா."