பிணம் மூச்சு விடக்கூடாது

கொழும்பிலிருந்து மூன்று வானில் வந்தார்கள்.
முத்தையன்கட்டுக் குளக்கட்டில் குடை விரித்து
கதிரை போட்டு
ஒரு பெண் பிணம் வேணும் என்றார்கள்.
ஐயாயிரம் ரூபா. மத்தியானச் சாப்பாடு.
நாள் முழுக்கக் கச்சான் பிடுங்கினாலும்
அதில் பாதி வராது.
படுத்தேன்.

முகத்துக்கு மா, உதட்டுக்கு நீலம்,
காதோரம் வழிய ஏதோ சிவப்புப் பாணி.
எறும்பு வந்தது.
"கட்! பிணம் மூச்சு விடுது."
எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அதற்கு இன்னொரு கட்.

பிறகு அவ வந்தா,
இன்ஸ்பெக்டர் திகழ்மதி.
வெள்ளி இரவு எட்டரைக்கு
ஒட்டுசுட்டானில் ஒரு அடுப்பும் எரியாதது இவவால்தான்.
கிட்டத்தில் நுளம்பு எண்ணெய் மணத்தது.
சப்பாத்துக்குள் சேறு போனதென்று மெல்லத் திட்டினா.
வசனத்தாளை என் வயிற்றின்மேல் வைத்துவிட்டு
தலைமுடியைக் கட்டினா.

அக்‌ஷன் என்றதும்
வேறு ஆள்.
என் மணிக்கட்டைத் தூக்கினா,
அடைகாத்த முட்டையைத் தூக்குகிற மாதிரி.
"இந்தப் பெண்ணின் பெயர் என்ன?"
"தெரியாது மேடம்."
"தெரியும்வரை இங்கே ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டீர்கள்."
குனிந்து
என் நகங்களைப் பார்த்தா.
"கையைக் கழுவ விடாதீர்கள்.
சாகும்போது இவள் எதைப் பிடித்தாளோ
அது இன்னும் இதற்குள் இருக்கிறது."

நாலு கோணத்தில் எடுத்தார்கள்.
நாலு தரமும் சொன்னா.
கடைசித் தரம் மூச்சை அடக்கச் சொல்லி
எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வதனாக்காவைக் கிணற்றிலிருந்து தூக்கிய அன்று
வந்தது ஒரு சார்ஜன்ட்.
மோட்டார்சைக்கிளை நிற்பாட்டாமலே
ஒற்றைக் காலை நிலத்தில் ஊன்றிக் கேட்டார்:
"தவறி விழுந்ததுதானே?"
அத்தான் அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்.
எழுதிய தாள் ஒன்று.
அதிலும் அரைவாசி வெள்ளை.

கழுவியது நான்.
வலக்கையில் மூன்று நகத்துக்கு அடியில்
நீலம், பெயின்ற் மாதிரி.
அக்காவுக்கு நகத்தில் ஊத்தை இருந்தால் பிடிக்காது.
ஈர்க்கை முறித்து
ஒவ்வொன்றாய்க் கிண்டி எடுத்து
வாளித் தண்ணீரில் விட்டு
அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன்.

அத்தானின் லாண்ட்மாஸ்ரர் பெட்டி நீலம்.
ஊரில் பதினைந்து பெட்டி நீலம்.
அதையும் சொல்லத்தான் வேணும்.

எழும்பி, பாணியைத் துடைத்தபடி
அவவிடம் கேட்டேன்:
"மேடம், ஒரு இரவு முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்தாலும்
நகத்துக்குள்ள இருக்குமோ?"
அவ என்னைப் பார்த்தா.
நல்ல மனுசி. பொய் சொல்லவில்லை.
"எனக்குத் தெரியாதக்கா.
எழுதித் தாறதைச் சொல்லுறன்."
தன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் தந்தா.

ஆறு கிழமை கழித்துப் போட்டார்கள்.
என் கை மூன்று செக்கன் வந்தது.
கொலைகாரனைப் பிடிக்க நாற்பத்திரண்டு நிமிசம்,
இடையில் சவர்க்கார விளம்பரம் இரண்டு.
"சித்தீ, உங்கட கை!" என்று அக்காவின் மகன் துள்ளினான்.
அத்தானும் இருந்தார்.
நகத்துக் கட்டம் வந்தபோது
தண்ணி குடிக்க எழும்பினார்.
தாகமாயும் இருந்திருக்கலாம்.

பெட்டி இப்போது பச்சை.
செத்தவீடு முடிந்து எட்டாம் நாளே அடித்தது.
நேற்றுக் கயிறு இரவல் கேட்கிற சாட்டில் போய்
யாரும் இல்லாத நேரம்
ஒரு மூலையைச் சுரண்டினேன்.
பச்சை பொடியாய் உதிர்ந்தது. அதற்கும் கீழே
கொஞ்ச நேரம் சுரண்டினேன்.

இதை எந்தப் பொலிசும் வாங்காது.
தெரியும்.

நேற்று இரவும் இன்று காலையும்
இடக்கையால் சாப்பிடுகிறேன்.
பெடியன் ஏன் என்று கேட்டான்.
வலக்கையைச் சீலைத் தலைப்புக்குள் சுற்றி
மடியில் வைத்திருக்கிறேன்.