கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம்

நீச்சலுடையின் கழுத்துப் பட்டையில்
அழியாத மையில் ஒரு பெயர்: வைனியோ.
பழையதாய் வாங்கியது. நூற்றுப் பத்து யூரோ,
இடது முழங்காலில் ரப்பர் ஒட்டு.
விற்ற பெண் வாசலிலேயே மடித்துக் கொடுத்தாள்.
செத்துவிட்டாரா என்று கேட்க
நா எழாமல் நின்றேன்.
"பியானோ வாங்கிவிட்டார்" என்றாள்,
அதற்கு இதுவே மேல் என்ற முகத்தோடு.

அன்றிலிருந்து ஒரு பியானோக்காரரின் பெயரைப்
பிடரியில் சுமந்து நீந்துகிறேன்.
ஆண் அளவு. தோளில் தொளதொளப்பு, இடுப்பில் பிடி.
காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால்
வழுக்கிக்கொண்டு ஏறும்.
ரொட்டி வாங்கிய பைதான் தோது.
மீன் பை வேண்டாம், பட்டறிந்து சொல்கிறேன்.

லப்பேன்ராண்டாவில் நவம்பர் என்பது
மூன்றரைக்கே யாரோ அணைத்துவிடும் விளக்கு.
ஷிஃப்ட் முடிந்து நிலவறைக்கு இறங்குவேன்.
பனிச்சறுக்குக் கட்டைகள், குழந்தை வண்டிகள்,
யாரும் உரிமை கோராத ஒரு குளியல் தொட்டி,
நடுவே உருளைமேல் என் சைக்கிள்.
ஒன்றரை மணி நேரம் மிதித்தும்
அதே சுவர், அதே தண்ணீர் மீட்டர்.
வியர்வை சொட்டிச் சொட்டிக்
கைப்பிடித் திருகாணி துருவேறிவிட்டது.
மேல்வீட்டு கெத்தோனென் குடும்பம் குழாயைத் தட்டும்.
முதலில் கோபத்தில் தட்டினார்கள்.
இப்போதெல்லாம்
நான் நிறுத்தினால் தட்டுகிறார்கள்.

ஓடும் காலணியின் பக்கவாட்டில்
கிலோமீட்டரைப் பேனாவால் குறிப்பேன்.
அறுநூற்று நாற்பதில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
எண்ணூறு வரை தாங்கு என்று பேரம் பேசினேன்.
சம்பளத்துக்கு இன்னும் எட்டு நாள்.

நாற்பத்தொன்பது வயது.
உட்கார்ந்தே தேய்ந்த இடுப்பு.
எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
உண்மையான பதில்
எனக்கே இன்னும் கைக்கு வரவில்லை.

ஏப்ரலில், பணிமனை முற்றத்தில்
துண்டை விரித்து ஒத்திகை.
தலைக்கவசம் மல்லாந்து, அதற்குள் கறுப்புக் கண்ணாடி,
வார்கள் இருபுறமும் வெளியே.
வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது, விதி.
காலணிகள் ஏற்கெனவே மிதிகட்டையில்,
ரப்பர் வளையத்தில் கிடைமட்டமாய்த் தொங்கும்.
வெறுங்காலோடு ஓடித் தாவி ஏறணும்.
மெக்கானிக் ஓஸ்மோ ஒரு கையில் காப்பி,
மறு கையில் கடிகாரம்:
மூன்று நிமிடம் நாற்பது விநாடி.
அதில் ஒரு நிமிடம் காலுறை தேடியது.

"உனக்கென்ன இது புதுசா?" என்றார்.
"கடைசி நிறுத்தத்தில் ஆறே நிமிடத்தில்
கழிப்பறை, வாழைப்பழம், கண்ணாடி துடைப்பு,
மகனுக்கு ஃபோனில் ஒரு வசவு,
எல்லாம் முடித்து வண்டியைத் திருப்புகிறவள்தானே."
காலுறையை அன்றே விட்டொழித்தேன்.

மே முழுக்கச் சாலையோரம்
குளிர்காலத்தில் கொட்டிய சரளை, இன்னும் பெருக்காமல்.
மரம் ஏற்றிய லாரி கடந்தால்
பைன் வாசனை ஒரு கணம், தூசி ஒரு கிலோமீட்டர்.
மூன்று முறை பஞ்சர்.
மூன்றாவது முறை டயர் நெம்பி ஒடிந்தது;
சட்டைப்பையிலிருந்த சூப்புக் கரண்டியால் கழற்றினேன்.
சட்டைப்பைக்கு அது எப்படி வந்தது என்று
என்னிடம் கேட்காதீர்கள்.

ஜூனில் சைமா ஏரி பதினான்கு டிகிரி.
முகம்தான் முதலில் மறுக்கும்.
வைனியோவின் கழுத்து வழியே
ஒரு குவளைத் தண்ணீர் முதுகில் இறங்கி
என் சூட்டைக் கடன் வாங்கி
அங்கேயே குடியிருக்கும்.
பிறகு எண்ணிக்கை மட்டும்.
மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு.
வலப்பக்கம் பிர்ச் மரங்கள்.
கீழே தேநீர் நிறத்தில் என் கையே எனக்கு மங்கல்.
இடப்பக்கம் பாலம்.

பாலத்தில் ஊர்கிறது என் பேருந்து.
இன்று பிர்யோ ஓட்டுகிறாள்.
விளக்கை இருமுறை சிமிட்டினாள்,
எனக்கா, எதிரே வந்த லாரிக்கா தெரியவில்லை.
கை தூக்கப்போய் ஒரு வாய் ஏரி குடித்தேன்.
இருமி, மல்லாந்து மிதந்து
மணிக்கட்டைப் பார்த்தேன்:
ஏழு பதினாறு.

இரண்டு நிமிடம் தாமதம்.
நானில்லை, அவள்.