நசுங்கிய டின்

தடைக்காலத்தின் இருபத்தாறாம் நாள்.
விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு
காசிமேட்டில் சும்மா கிடக்கின்றன.
வீட்டில் தேசப்பனும் அப்படியே.
வஞ்சிரம் கிலோ ஆயிரத்து நானூறாம்.
விலை கேட்டதோடு திரும்பிவிட்டேன்,
கேட்டதற்கே பர்ஸ் இளைத்துப்போன மாதிரி இருந்தது.

நான் பில் போடும் தண்டையார்பேட்டைக் கடையில்
நசுங்கிய டின்களுக்குப் பாதி விலை.
லாரியில் இடிபட்டதோ, யார் கை தவறியதோ,
வயிற்றில் ஒரு குழி, அவ்வளவுதான்.
உப்பியிருந்தால் தொடக்கூடாது.
விளிம்பில் நசுங்கினாலும், துரு ஏறினாலும் வேண்டாம்.
மற்றதெல்லாம் மீன்தான்.

சூரை மீன் மூன்று டின்,
துப்பட்டாவில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்து,
அதன் மேல் கோதுமை மாவு, அதன் மேல் கொத்தமல்லி.
கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
நான் கொல்லன் வீட்டுக்கே
ஊசி வாங்கிப் போகிறவள்.

டின் திறக்கும் கருவி எங்கள் வீட்டில் எதற்கு?
வலைக் கத்தியைக் கேட்டேன்.
"எதுக்கு?" என்றான்.
சொன்னேன்.
கத்தியைத் தந்துவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எண்ணெயைக் கொட்டக்கூடாது.
அதிலேயே கடுகு, தட்டிய பூண்டு நாலு பல்,
கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய்,
கை நிறையச் சின்ன வெங்காயம்...
இல்லை, பொய் சொல்வானேன், பெரிய வெங்காயம்தான்,
சின்னது எண்பது ரூபாய்.
மீன் ஏற்கெனவே வெந்தது,
உதிர்த்துப் போட்டு, மஞ்சள் ஒரு சிட்டிகை,
மிளகு கொஞ்சம் தாராளமாக, இரண்டு புரட்டு.
சிலிண்டர் கடைசி மூச்சில் இருக்கிறது;
நீலம் சிவப்பாவதற்குள் இறக்கியாக வேண்டும்.
எட்டு நிமிடம்.
சுறாப்புட்டு மாதிரியே இருந்தது,
சுறாவிடம் காட்டாதவரை.

நிரோஷா ஒவ்வொரு வாயையும்
நாக்கால் துழாவித் துழாவித் தின்றாள்.
"முள்ளே இல்லம்மா" என்றாள்,
எதையோ ஏமாற்றிவிட்டேன் என்பது போல.

தேசப்பன் எழுந்து வந்து
டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒரு விள்ளலை விரலில் நசுக்கி
"வரிச்சூரை" என்றான்,
"ரெண்டு கிலோகூட இருந்திருக்காது."
பிறகு "உப்பு தூக்கல்" என்றான்.
பிறகு சோறு கேட்டான்.

மறுநாள் முட்டை உடைத்து ஊற்றிப் பொடிமாஸ்.
அதற்கடுத்த நாள் மிச்சமிருந்த புளிக்குழம்பில் போட்டேன்,
சேறாகிவிட்டது.
குழம்புக்கு ஆகாது, தெரிந்துகொள்ளுங்கள்.

இரவில் டின்களைக் கழுவி,
நாற்றம் போக எலுமிச்சைத் தோல் தேய்த்து,
செய்தித்தாளில் பொதிந்து
கறுப்புப் பையில் இரண்டு முடிச்சு.
சூரை பிடிக்கிறவன் வீட்டுக் குப்பையில்
சூரை டின் இருக்கலாமா?

விடியலில் பேட்டரி வண்டி வந்தது.
பையைப் போட்டேன்.
டங்.
பிடரி கூசியது.
எனக்குப் பின்னால் பாளையத்தின் மனைவி
தன் பையைப் போட்டாள்.
டங்.
எதிர்வீட்டு மரகதவல்லி, நைட்டி மேல் துண்டோடு,
எட்டி நின்று வீசினாள்.
டங். டங்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
வண்டிக்காரர் மட்டும் காதைச் சொறிந்துகொண்டார்.

வண்டி முனை திரும்பிய பிறகு
மரகதவல்லி துண்டைச் சரிசெய்தபடி,
"உங்க கடையில நசுங்கினது பாதி விலையாமே?" என்றாள்.
"விளிம்புல நசுங்கினதை எடுக்காதே" என்றேன்.
"அந்த எண்ணெயிலேயே தாளி. எட்டு நிமிஷம்தான்."

அவள் வாயில் கை வைத்தாள்.
"கொட்டிட்டேனே அக்கா,
ரெண்டு டின்னையும்."