ஏழாம் குழிக்கு இடப்புறம்

செப்டம்பர் கடைசியில் தண்ணீரை நிறுத்துகிறோம்.
நூற்றுப் பத்து டிகிரியைத் தாங்கிய பெர்முடா புல்,
இப்போது ஏன் தோல்வரை மழிக்கிறார்கள் என்று
கேட்க அதற்கு வாயில்லை.
யூமாவில் அந்த வாரமெல்லாம் தூசி;
ஒடீலியாவின் இமைமயிர்கூட வைக்கோல் நிறம்.

பிறகு ரை விதை, ஏக்கருக்கு அறுநூறு பவுண்டு.
புறாக்கள் வந்து பங்கு கேட்கும்.
கொடுத்தது போக மீதிதான் முளைக்கும்.

நவம்பரில் மினசோட்டாக்காரர்கள் வருகிறார்கள்.
அறுவை செய்த முழங்கால்கள், வெள்ளைத் தொப்பிகள், நல்ல மனிதர்கள்.
என்ன பச்சை, என்ன பச்சை என்கிறார்கள்.
வாடகைப் பச்சை என்று நாங்கள் சொல்வதில்லை.

ஏழாம் குழிக்கு இடப்புறம்
விதைக்கிற வண்டி தவறவிட்ட ஓர் இடம்,
ஒரு கதவளவு,
பழுப்பாய்க் கிடந்தது.
செத்துப்போன புல் என்று புகார்.
சாயம் அடி என்றார் மேலாளர்.
ஒடீலியா தெளிப்பானைத் தூக்கிப் போனாள்,
குனிந்து ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தாள்:
உள்ளே வெள்ளை, ஈரம்.
பாதிக் கதவுக்குத்தான் அடித்தாள்.
கேட்டதற்கு, காற்று என்றாள்.

மே.
வந்தவர்கள் போய்விட்டார்கள்.
காசு கொடுத்து விதைத்த ரையை
இனி காசு கொடுத்துக் கொல்ல வேண்டும்.
ஐந்து மாதம் அதன் அடியில் மூச்சடக்கிய பெர்முடா
எங்கும் தயங்குகிறது, திட்டுத் திட்டாய்,
சொறி பிடித்த நாய்போல மைதானம்.

சாயம் எப்போதோ கழுவிப்போன
அந்தக் கதவில் மட்டும்
நேற்றே தளிர்.
பார்க்க ஒருவருமில்லை.
ஒடீலியா வண்டியை அதன்மேல் ஏற்றாமல்
ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கையில் பாதி தின்ற பரீட்டோ,
வளைத்து ஓட்டிப் போகிறாள்.