தாப்பா

சிப்டு முடித்த பஞ்சுத் தலையோடு
பல்லடம் அரசு மேல்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தேன்.
தேர்ச்சி எத்தனைங்க என்றேன்.
தொண்ணூத்தி நாலுங்க.
மிச்ச ஆறு யாருங்க என்று கேட்க
வாய் வரவில்லை.

இயற்பியலுக்கு ஆள் இல்லை,
ஆடிக்குள் வந்துருவாராம்.
எந்த வருசத்து ஆடியோ.

ஆய்வகக் குடுவைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.
ஒன்றின் கழுத்தில் நீலம் ஒட்டியிருந்தது;
யாரோ எதையோ செய்து பார்த்திருக்கிறார்கள்.
மனசுக்குள் அதற்கு ஐந்து மதிப்பெண் போட்டேன்.

சௌபர்ணிகா இதில் எதையும் பார்க்கவில்லை.
நேரே கழிப்பறைக்குப் போனாள்.
தாழ்ப்பாள் போட்டுத் திறக்கிற சத்தம்
வராந்தா வரை கேட்டது,
ரெண்டு தடவை.
பிறகு குழாய்.

"தாப்பா விழுதுங்ப்பா"
என்று வந்து நின்றாள்.

மஞ்சள் பஸ் பள்ளியின் நோட்டீசை
நாலாய் மடித்து
ஆடுகிற மேசைக் காலுக்குக் கொடுத்துவிட்டு
விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.